லிஸ்ட்டில் வராத வரி

ஜூன் 3, செவ்வாய். காலை 146/92

தினமும் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எண்ணை மட்டும் எழுதினால் மூன்று மாதம் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். நான் நூறு பக்க நோட்டு வாங்கிவிட்டேன். மிச்ச இடத்தில் என் பிரஷரை ஏற்றுகிறவர்களைப் பற்றி எழுதுவதாக முடிவு. நூறு பக்கம் போதுமா என்றுதான் சந்தேகம்.

முதல் ஆள் மனோகர். பதினான்கு வருடத்துக்கு முன்னால் பீளமேட்டில் ஒரு மாடி அறையில் அவனும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டேட்டாபேஸ் எழுத ஆரம்பித்தோம். எழுதியதை விடாமல் பிடித்து வைக்கும் என்பதால் 'உடும்பு' என்று பெயர் வைத்தோம். நிரலைத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று திறமூலமாகக் கொடுத்தோம். இன்று எந்தெந்த நாட்டிலோ ஓடுகிறது. பிரேசில்காரர்கள் அதை 'உடும்போ' என்கிறார்கள். மனோகர் இப்போது சிங்கப்பூரில் கம்பெனி வைத்திருக்கிறான். அடுத்த வருடத்திலிருந்து உடும்பின் உரிமத்தை மாற்றப்போகிறானாம். திறந்த கதவைச் சாத்தப்போகிறான். இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு செய்தித் தளத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவனும் அவன் ஆட்களும் ஆறு மாதமாகத் தனியறையில் பேசியிருக்கிறார்கள். குமட்டுகிறது. எங்கள் வேலையெல்லாம் ஒரு மெயிலிங் லிஸ்ட்டில் நடக்கிறது. உலகத்தில் யாரும் சேரலாம், யாரும் படிக்கலாம். "லிஸ்ட்டில் பேசாத எதுவும் முடிவாகாது" என்பது எங்கள் வழிகாட்டியின் முதல் விதி. அதை எழுதியவன் நான். வாராவாரம் 'உடும்பு செய்திகள்' என்ற மடலை எழுதுபவனும் நான்தான். இந்த வாரம் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். "இருட்டில் பேசுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள்" என்று முடித்திருக்கிறேன். நல்ல வரி.

ஜூன் 5, வியாழன். 150/96

காஸ் சிலிண்டர் வந்தது. வால்வில் கசிவு. திருப்பி அனுப்பினேன்.

என் மடலுக்கு நூற்று எட்டு பதில்கள். உரிமம் மாறப்போகிறது என்றதும் ஒப்பாரி வைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பத்து வருடமாக ஓசியில் உடும்பை ஓட்டியவர்கள். ஒரு பிழையைக்கூடத் தெரிவித்ததில்லை, ஒரு நன்றி சொன்னதில்லை. இப்போது "எங்கள் சமூகம்" என்கிறார்கள். ச்சீ.

மனோகரின் ஆட்கள் ஒரு வேக வரைபடம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் தனியாகச் செய்து வைத்திருக்கும் பதிப்பு நம்முடையதைவிட ஒன்பது சதவீதம் வேகமாம். வேகத்தைக் காட்டி ஆள் பிடிக்கிற மலிவான புத்தி. இந்த மாதம் வரப்போகும் நம் 9.2 பதிப்பு அதை முந்தியாக வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு. 144/90

மேல்நிலைத் தொட்டி கழுவ இரண்டு பேர் வந்திருந்தார்கள். தொட்டிக்குள் இறங்கியவர், "சார், உள்ள ஒரு ஓணான் செத்துக் கெடக்குதுங்க" என்றார். எத்தனை நாளாகக் கிடந்ததோ. அந்தத் தண்ணீரில்தான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறோம். என் மனைவி தேவிகா காலை முழுவதும் வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கு நடுவில் பரீதாவின் பேட்ச், அதாவது நிரலுக்கு அவர் எழுதி அனுப்பிய திருத்தம். முழுப்பெயர் சித்தி பரீதா, காயல்பட்டினம். பிள்ளைகளுக்காகப் பதினொரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மூன்று வருடமாக உடும்புக்கு எழுதுகிறார். லிஸ்ட்டில் இன்று அவரைப்போலச் சுத்தமாக எழுதுகிறவர் யாருமில்லை. பதிவுக் கோப்புகளை உருவாக்கும் முறையையே மாற்றி வேகமாக்கியிருக்கிறார். ஆனால் கடைசியில் ஒரு வரி. டிஸ்க்கிடம் எழுதச் சொன்னால் "எழுதியாச்சு" என்று உடனே சொல்லிவிடும். பாதி நேரம் அது பொய். அதனால் "நிஜமாகவே எழுதினாயா" என்று மறுபடி கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பரீதா அப்படி ஒரு காத்திருப்பைச் சேர்த்திருக்கிறார். அந்த ஒரு வரியால் பதினொரு சதவீதம் வேகம் போகிறது.

வாட்ஸப்பில் எழுதினேன். "அந்தக் கடைசி வரிய எடுத்துருங்க. மேலயே ஒரு காத்திருப்பு இருக்குது, அது போதும்."

"கரண்ட் போனா அண்ணே?"

"ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு."

"சரி அண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் ஈக்கும்."

அவர் ஊரில் 'இருக்கும்' என்பதை 'ஈக்கும்' என்பார்கள். அரை மணி நேரத்தில் அந்த வரி இல்லாத பேட்ச் லிஸ்ட்டுக்கு வந்தது. தொட்டிக்காரர் மோட்டார் போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். "பார்த்தேன், சரி. சென்னியப்பன்" என்று லிஸ்ட்டில் பதில் போட்டுவிட்டு ஓடினேன்.

ஜூன் 15, ஞாயிறு. 138/88

உடும்பு 9.2 வெளியானது. மனோகரின் பதிப்பைவிட இரண்டு சதவீதம் வேகம். வரைபடத்தை மடலின் தலைப்பிலேயே போட்டேன். மலிவு என்று யாரும் சொல்லவில்லை.

நிரலில் நேரடியாக எழுதும் உரிமை இப்போது எங்கள் ஐந்து பேரிடம்தான் இருக்கிறது. ஆறாவதாகப் பரீதாவின் பெயரை முன்மொழிந்தேன். வாக்கெடுப்பு ஒரு மாதம் நடக்கும். சாயங்காலம் போன் செய்தார். பெங்களூரில் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை தரத் தயாராம். அந்த உரிமை கிடைத்துவிட்டால் உறுதி என்கிறார்களாம்.

"உம்மாட்ட இன்னும் சொல்லல அண்ணே. ஆர்டர் கையில வந்தப்புறம் சொல்றேன்" என்றார். குரலே மாறியிருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதிசயம்தான், எழுதி வைக்கிறேன்.

ஜூன் 28, சனி.

பிரஷர் மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. மனோகர் லிஸ்ட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. கோழை.

ஜூலை 1, செவ்வாய். 152/98

ஒரு ரத்த வங்கியிலிருந்து லிஸ்ட்டுக்குக் கடிதம். எந்த ஊர் என்று எழுதவில்லை. அங்கே லேபில் வேலை செய்கிறவர் எழுதியிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு முன்பு உடும்பு 9.2-க்கு மாறியிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை பெரிய ரத்ததான முகாம். மதியம் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய நாற்பது நிமிடப் பதிவுகளைக் காணவில்லை. திரையில் "சேமிக்கப்பட்டது" என்று பச்சையில் வந்ததாம், அவர் கண்ணால் பார்த்தாராம்.

எந்தப் பையில் யார் ரத்தம், என்ன பரிசோதனை முடிவு என்று தெரியாமல் போய்விட்டது. தெரியாத ரத்தத்தை யாருக்கும் ஏற்ற முடியாது. அறுபத்து மூன்று பைகளை அழிக்கக் கொடுத்திருக்கிறார்கள். "கொடுத்தவர்களிடம் நாங்கள் என்ன சொல்வது?" என்று முடித்திருக்கிறார். வேறு எதுவும் கேட்கவில்லை, திட்டவுமில்லை.

ஜூலை 2, புதன். 168/104

நிரலைத் திறந்து பார்த்தேன். மேலே இருக்கும் காத்திருப்பு பழைய கோப்புக்கு மட்டும்தான். புதுக் கோப்புக்கு எதுவும் இல்லை.

ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை. நாளைக்கு வரச் சொன்னார்கள்.

ஜூலை 4, வெள்ளி. 164/100

உடும்பின் ஒவ்வொரு வரியிலும் எழுதியவர் பெயர் பதிந்திருக்கும். ஒரு கட்டளை போட்டால் யார், எந்த நாள் என்று வந்துவிடும். நேற்று யாரோ அந்தக் கட்டளையைப் போட்டு, விடையை லிஸ்ட்டில் ஒட்டிவிட்டார். சித்தி பரீதா, ஜூன் 8.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்தால் சாப்பாடு இறங்கவில்லை. அடிப்படை தெரியாதவரை யார் உள்ளே விட்டது என்று ஒருவர் கேட்கிறார். "வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு இதெல்லாம் கடினம்தான்" என்று இன்னொருவர் கரிசனப்படுகிறார். அந்தக் கரிசனத்தைக் கழுவவே ஒரு தொட்டித் தண்ணீர் வேண்டும். வாழ்நாளில் பத்து வரி எழுதாதவன் எல்லாம் டிஸ்க்கைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். கழுகுக் கூட்டம்.

பேட்ச்சைப் பார்த்து ஒப்புக்கொண்டவர் பெயரும் அதே இடத்தில், அடுத்த வரியிலேயே இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பரீதா இன்னும் எதுவும் எழுதவில்லை. எனக்கும் எழுதவில்லை.

ஜூலை 6, ஞாயிறு. 166/102

மனோகர் போன் செய்தான். ஒரு மாதமாக வாய் திறக்காதவன்.

"டேய் சென்னி, நீ ஏன் டென்ஷனாகற? உன் மேல ஒருத்தனும் கை காட்டலையே."

"ரத்தத்த அழிச்சிருக்காங்கடா."

"அதத்தான் நானும் சொல்றேன். யாரு வேணா எழுதலாம்னு தொறந்து போட்டா இப்படித்தான் ஆகும். அதுக்குத்தான் உரிமத்த மாத்தணும்ங்கறேன். நீ எதுவும் பேச வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். அப்புறம், எங்ககிட்ட பேட்ச் பாக்கற ரெவ்யூ டீமுக்கு ஒரு தலைமை வேணும். யோசி."

அறுபத்து மூன்று பை ரத்தம் இவனுக்கு ஒரு விளம்பரம். போனை வைத்த பிறகு கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது. கழுவினேன்.

இந்த வார மடலில் சம்பவத்தைப் பற்றி, "ஒரு பேட்ச்சில் குறை நேர்ந்திருப்பது தெரியவந்துள்ளது" என்று எழுதினேன். மற்றபடி உரிமம் பற்றி மூன்று பத்தி.

ஜூலை 8, செவ்வாய். 170/104

பரீதா லிஸ்ட்டில் எழுதியிருக்கிறார். மூன்றே வாக்கியம். "அந்த பேட்ச் என் பெயரில் இருக்கிறது. குறை உண்மை. திருத்தி அனுப்புகிறேன்."

கீழே யாரோ வாக்கெடுப்பிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாம் என்று எழுத, நாலு பேர் ஆமோதித்திருக்கிறார்கள். அந்த நால்வரின் பெயரையும் இங்கே எழுதி வைக்க நினைத்தேன். எழுதவில்லை.

ஜூலை 9, புதன். 172/106

போன் செய்தேன். மணியடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தபோது எடுத்தார். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தார்.

"பெங்களூர்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"வேற ஆள எடுத்துட்டாங்களாம். நேத்துத்தான் மெயில் வந்துச்சு. நல்லவேள, உம்மாட்ட சொல்லல."

"நீங்க ஏன் அந்த வாட்ஸப் மெசேஜ லிஸ்ட்ல போடல?"

"ஒருத்தர் தனியா எழுதினத அவர் சம்மதம் இல்லாம லிஸ்ட்ல போடக்கூடாது. வழிகாட்டியில ஏழாவது விதி. நீங்க எழுதினதுதான் அண்ணே. லிஸ்ட்ல பேசாதது முடிவாகாதுன்னு மொத விதியும் எழுதி வச்சிருக்கீங்க. ரெண்டையும் சேத்துப் பார்த்தா, நீங்க சொன்னதா நான் எங்கயுமே சொல்ல முடியாது."

"என்கிட்டயாவது கேட்டிருக்கலாமே, பரீதா."

"நீங்க போடுவீங்கன்னு இருந்தேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஒவ்வொரு நாளும் லிஸ்ட்டத் தொறந்து பார்த்தேன். ஞாயித்துக்கிழம உங்க மடல் வந்துச்சு. 'குறை நேர்ந்திருப்பது தெரியவந்துள்ளது'ன்னு ஈந்துச்சு. அதுக்கப்புறம் பார்க்கல."

அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜூலை 10, வியாழன். 174/106

தேவிகா நாளைக்கு டாக்டரிடம் போவதற்காக எண்களைக் குறித்துக்கொள்ள இந்த நோட்டை எடுத்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வரும்போது ஜூன் எட்டாம் தேதிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு எண் ஏன் ஏறுகிறது என்று காரணம் தேடாமல் விடமாட்டாள்.

"பிரஷர் பாக்கத்தானுங்க எடுத்தேன்" என்றாள்.

"அது என் டைரி."

"டாக்டர் நோட்டுன்னு சொல்லித்தானே டேபிள்மேல வெச்சிருக்கறீங்க. ஏனுங்க, இந்தப் பரீதா அம்மாகிட்ட அந்த வரிய எடுக்கச் சொன்னது நீங்கதானா?"

"நான் சொன்னது வேற அர்த்தத்துல..."

"நான் பொறுப்புன்னு எழுதியிருக்குது. அதுக்கு எத்தனைங்க அர்த்தம்?"

நான் மனோகரைப் பற்றிச் சொன்னேன். கழுகுக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இப்போது நான் எழுதினால் அவன்தான் லாபம் பார்ப்பான், உரிமத்துக்கு எதிராகப் பேச ஆளில்லாமல் போகும், உடும்பே போய்விடும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"அஞ்சு வாரமா எல்லாரையும் ச்சீ ச்சீன்னு எழுதியிருக்கறீங்க. ஒரு பக்கம் பாக்கியில்ல. உங்களப் பத்தி மட்டும் ஒரு வார்த்தையக் காணோம். என்ற கிளாஸ்ல ஒருத்தன் பக்கத்துப் பையன் பேப்பர்ல தப்பா எழுதிக் குடுத்துட்டு, மார்க்கு போடற அன்னைக்கு அவனையே மக்குன்னு சிரிச்சான். எனக்கு அந்த நெனப்புத்தான் வருதுங்க."

எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். இன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 12, சனி. 170/104

டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். "மனசுல எதையாவது போட்டு வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தேவிகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிதம் எழுதப் பார்த்தேன். முதல் வரைவில் மனோகரின் உரிம மாற்றத்தால் எங்களுக்கு ஏற்பட்ட நெருக்கடியிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவதில் தொட்டி கழுவ வந்தவர்கள் வந்தார்கள். மூன்றாவதில் பதினான்கு வருடத்தில் நான் பார்த்த பேட்ச்சுகளின் எண்ணிக்கை. மூன்றையும் ஒன்றாகப் படித்தபோது ஓணான் கிடந்த தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. இந்த ஆள்தானா வாராவாரம் ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுதியவன்?

ஜூலை 13, ஞாயிறு. 168/100

காலை பத்து மணிக்கு லிஸ்ட்டில் போட்டேன். அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"பரீதாவின் பேட்ச்சில் அந்தக் காத்திருப்பு இருந்தது. வேக வரைபடம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக நான் அதை எடுக்கச் சொன்னேன். லிஸ்ட்டில் சொல்லாமல் வாட்ஸப்பில் சொன்னேன். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு என்றேன். சோதித்துப் பார்க்கவில்லை. ஜூலை 2 அன்றே எனக்குத் தெரியும். பதினொரு நாள் பேசாமல் இருந்தேன். அதற்குள் அவருடைய பெயர் போனது. என் மெசேஜ்களைக் கீழே இணைத்திருக்கிறேன். நிரலில் எழுதும் உரிமையை இன்றே விட்டுவிடுகிறேன். ரத்த வங்கிக்குத் தனியாக எழுதவில்லை. இதுதான் அவர்களுக்கும். சென்னியப்பன்."

தேவிகாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இட்லி ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தர்றேன்" என்றாள்.

ஜூலை 14, திங்கள். 142/90

இதை எதிர்பார்க்கவில்லை. பாராட்டு! இருநூறுக்கு மேல் பதில்கள். "என்ன நேர்மை!" "இப்படி ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?" "இதுதான் திறமூலத்தின் பெருமை." ஜெர்மனியில் ஒருவர் என் கடிதத்தைப் புதியவர்களுக்குப் பாடமாக வைக்கப்போகிறாராம். பரீதாவின் பெயரை வெட்டச் சொன்ன அந்த நால்வரில் மூன்று பேர் எனக்கு இதயக் குறி போட்டிருக்கிறார்கள். "உரிமையை விட வேண்டாம், நீங்கள் தேவை" என்று ஒரு கையெழுத்து இயக்கமே ஓடுகிறது. மனோகர்கூட, "பெரிய மனசுடா உனக்கு" என்று அனுப்பியிருக்கிறான்.

இருநூறு பதிலையும் எண்ணிப் பார்த்தேன். பரீதாவிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் இரண்டு, என்னைப் பாராட்டிவிட்டுக் கடைசியில் போகிறபோக்கில் சேர்த்தது.

ரத்த வங்கிக்காரர் ஒரே வரி எழுதியிருக்கிறார். "தகவலுக்கு நன்றி. பழைய பதிப்புக்கே திரும்பிவிட்டோம்."

ஜூலை 16, புதன். 134/86

பரீதாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பெங்களூர் நிறுவனத்துக்கு நானே எழுதினேன். அந்த இடம் நிரம்பிவிட்டது, எதிர்காலத்தில் கவனத்தில் கொள்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதையைப் போன மாதமாக இருந்தால் நோட்டில் ஒரு பக்கம் கிழித்திருப்பேன். இன்று யாரைக் கிழிப்பது?

ஜூலை 20, ஞாயிறு.

பரீதாவின் பேட்ச் வந்துவிட்டது. ஒரு வரி. கூடவே, நடுவில் மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து ஐந்நூறு முறை ஓட்டிப் பார்க்கும் ஒரு சோதனை. சோதனை மட்டும் இருநூறு வரிக்கு மேல். பேட்ச்சின் மேலே, யார் பார்க்க வேண்டும் என்று எழுதும் இடம் ஒன்று உண்டு. மூன்று வருடமாக அந்த இடத்தில் அவர் என் பெயரைத்தான் போடுவார். இன்று பிரேசில்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. வாக்கெடுப்பை மறுபடி நடத்தி அவர் பெயரைச் சேர்க்கலாம் என்று யாரோ எழுதியதற்கு, "இப்போது வேண்டாம்" என்று பதில் போட்டிருக்கிறார்.

எனக்குத் தனியாக எதுவும் இல்லை. இருக்கும் என்று ஏன் எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.

உட்கார்ந்து அந்த பேட்ச்சை முழுக்கப் படித்தேன். யாரும் கேட்கவில்லை, ஒப்புதல் தரும் உரிமையும் எனக்கில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஒரு குறையும் இல்லை. ஜூன் எட்டாம் தேதி அவர் முதலில் எழுதியதிலும் இருந்ததில்லை.

மடலில் இந்த வாரம் ஒரே செய்தி. "உடும்பு 9.2.1 தயாராகிறது. மின்சாரம் போனாலும் தரவு போகாது. எழுதியவர் சித்தி பரீதா. 9.2-க்கும் அந்த வரியை அவர் எழுதியிருந்தார்." இனி மடலை வேறு யாராவது எழுதட்டும் என்று அடியில் சேர்த்தேன்.

தேவிகா வந்து மெஷினை என் கையில் கட்டினாள். அழுத்திப் பிடித்து மெதுவாக விட்டது. திரையைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"அட, இறங்கிருச்சுங்க! நார்மல்! மாத்திர நல்லா வேல செய்யுது."

மாத்திரையால் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே காயல்பட்டினத்தில் ஒருத்திக்குக் கிடைக்கவிருந்த வேலை போயிற்று. எங்கோ அறுபத்து மூன்று பேர் கொடுத்த ரத்தம் சாக்கடைக்குப் போயிற்று. பத்துப் பன்னிரண்டு வாக்கியம் எழுதிவிட்டு எனக்கு உடம்பு சுகமாகிவிட்டது. நேற்று நன்றாகத் தூங்கவும் தூங்கினேன். இந்த நோட்டில் எழுதிய எல்லா அசிங்கத்தையும்விட இந்த எண்ணை எழுதத்தான் கை கூசுகிறது.

தேவிகா பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். எழுதிவிடுகிறேன்.

126/80.